கூரையில் சோலர்: 20 ரூபாய் 90 சதத்துக்கு இனிப் போடுவதில் பிரயோசனம் உண்டா?

மட்டிக்களி ரீச்சர் | 4 ஒக்டோபர் 2025, இரவு 8.10

வணக்கம். இலங்கையில் திருகோணமலைப் பக்கம் மட்டிக்களியில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியை. கீழே நானும் இவரும், மேல்மாடியில் மகளின் குடும்பம். மாதம் 240 யூனிட் அளவில் ஓடுகிறது, பில் 10,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. மகளின் அறையில் ஏசி பூட்டிய நாளிலிருந்து இந்தக் கதைதான்.

போன கிழமை ஒரு சோலர் கம்பனியிலிருந்து ஒரு பிள்ளை வந்து கொட்டேசன் தந்துவிட்டுப் போனான். 3 கிலோவோட் என்றால் 6 இலட்சம், 5 கிலோவோட் என்றால் 9 இலட்சத்து 25 ஆயிரம். "ரீச்சர், 5 போடுங்கோ. பில் பூச்சியம். அதுக்கு மேல மாதம் 12,540 ரூபா உங்கட கணக்கில விழும்" என்கிறான். வங்கிக் கடனையும் தானே ஒழுங்கு செய்து தருவானாம், 13 வீத வட்டி. இவருக்கு நம்பிக்கை இல்லை. "அரசாங்கம் சும்மா காசு தராது" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. பக்கத்து வீட்டில் 2023இல் போட்டவர்களுக்கு, மின்சார சபைக்கு விற்கிற யூனிட்டுக்கு 37 ரூபாய் கிடைக்கிறது. எனக்கு 20 ரூபாய் 90 சதமாம். ஒரே ஒழுங்கை, ஒரே வெயில். ஏன் இந்த வித்தியாசம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பிக்காரன் | 4 ஒக்டோபர், இரவு 9.02

ரீச்சர், முதலில் அந்த 12,540ஐப் பிடிப்போம். எங்கள் பக்கத்தில் 5 கிலோவோட் பனல் மாதம் சராசரி 600 யூனிட் தரும். 600ஐ 20.90ஆல் பெருக்கினால் சரியாக 12,540. பொய்க் கணக்கு இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒரே யூனிட்டை இரண்டு தரம் விற்றிருக்கிறான்.

வீட்டுக்காரருக்கு முக்கியமாக மூன்று விதமான முறைகள் இருக்கின்றன. நெற் மீற்றரிங்கில் காசு வராது, மிஞ்சிய யூனிட் அடுத்த மாதத்துக்கு வரவாகப் போகும். நெற் அக்கவுண்டிங்கில் நீங்கள் மின்சார சபை லைனிலிருந்து எடுத்ததைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் காசு. நெற் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதையும் விற்கலாம், ஆனால் உங்கள் பில்லை வழக்கம்போல முழுதாகக் கட்ட வேண்டும். பில்லும் பூச்சியம், 600 யூனிட்டுக்கும் காசு என்று ஒரு முறை இந்த நாட்டில் இல்லை.

நீங்கள் நெற் அக்கவுண்டிங் எடுத்தால் 600இல் 240 கழியும். மிச்சம் 360. அதற்கு 7,524 ரூபாய். அதுதான் கையில் வருவது. மாதாந்த நிலையான கட்டணம் அப்படியே இருக்கும், அது சோலருக்குப் பயப்படாது.

பழைய ஒப்பந்தம் | 4 ஒக்டோபர், இரவு 9.40

ரீச்சரின் "ஏன் வித்தியாசம்" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதைவிட மோசமான இடத்தில் நிற்கிறேன்.

2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்று கூரைச் சோலருக்கு ஒரு அரசாங்கத் திட்டம் ஆரம்பித்தார்கள். 2020க்குள் கூரைகளிலிருந்து 200 மெகாவோட், 2025க்குள் 1,000 மெகாவோட் என்று இலக்கு. நான் 2017இல் உவர்மலையில் போட்டேன். ஒப்பந்தம் 20 வருடம். முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபாய், மீதி 13 வருடம் 15 ரூபாய் 50 சதம். கையெழுத்துப் போட்டபோது டொலர் 150 ரூபாய் அளவில் இருந்தது, 22 ரூபாய் நல்ல காசு. பிறகு 2022 வந்தது. டொலர் 360. அந்த வருடம் புதிதாகப் போட வந்தவர்களுக்கு 37 ரூபாய் என்று அறிவித்தார்கள், எனக்கு அதே 22. போன வருடம் 7 வருடம் முடிந்து 15.50க்கு இறங்கிவிட்டேன்.

ஆக, விலை என்பது வெயிலைப் பார்த்துப் போடுவதில்லை ரீச்சர், நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளைப் பார்த்துப் போடுவது. 2022இல் அவர்களுக்கு மின்சாரம் எப்படியாவது வேண்டும், அதனால் 37. 2024இல் 27க்கு இறக்கினார்கள். இந்த வருடம் இன்னும் வெட்டி, 5 கிலோவோட் வரை 20.90, அதற்கு மேல் 20 கிலோவோட் வரை 19.61. பெரிதாகப் போகப் போக இன்னும் குறையும்.

நான் நட்டப்படவில்லை, போட்ட காசு எப்போதோ வந்துவிட்டது. ஆனாலும் பக்கத்து வீட்டு 37ஐப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது.

ஹரோ தம்பி | 4 ஒக்டோபர், இரவு 11.55

லண்டனிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் தம்பலகாமம். வயிறு எரிவதில் எங்கள் ஆட்களும் குறைந்தவர்கள் இல்லை அண்ணா.

இங்கே 2010 ஏப்ரலில் ஃபீட் இன் டாரிஃப் என்று தொடங்கினார்கள். ஏற்கெனவே உள்ள வீட்டுக் கூரையில் 4 கிலோவோட்டுக்குள் போட்டால் யூனிட்டுக்கு 41.3 பென்ஸ். அதுவும் விற்ற யூனிட்டுக்கு இல்லை, உற்பத்தி செய்த ஒவ்வொரு யூனிட்டுக்கும். நீங்களே தேத்தண்ணி வைத்துக் குடித்தாலும் காசு. லைனுக்கு அனுப்பியதற்கு மேலதிகமாக 3 பென்ஸ். 25 வருடத்துக்கு, விலைவாசி ஏற ஏற இதுவும் ஏறும். என் சித்தப்பா 2011 நடுவில் போட்டார். அந்த வருடக் கடைசியில் திடீரென்று பாதியாக, 21 பென்சுக்கு வெட்டினார்கள். அறிவித்த விதம் சட்டப்படி சரியில்லை என்று வழக்குப் போட்டு, நீதிமன்றமும் அரசாங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதனால் கிடைத்தது சில மாத அவகாசம்தான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு புதியவர்களுக்கு அந்தத் திட்டமே இல்லை. 2020 ஜனவரியிலிருந்து வேறொரு முறை, அதில் கம்பனிகள் தாங்களே விலை வைத்து, அனுப்பிய யூனிட்டை மட்டும் வாங்கும்.

நான் 2021இல் வீடு வாங்கினேன். ஒரே குடும்பம், சித்தப்பாவுக்கு வருடாவருடம் ஏறுகிற காசு, எனக்குச் சில்லறை.

இரண்டு இடத்திலும் கதை ஒன்றுதான்: பனல் விலை அதிகமாக இருந்த காலத்தில் தூண்டில் பெரிதாக இருந்தது, பனல் மலிய மலியத் தூண்டிலும் சிறிதாகிறது. ஆனால் பழைய ஒப்பந்தம் அண்ணா சொன்னதில் எனக்கு உறைத்தது வேறு. இங்கே விலைவாசியோடு கட்டினார்கள். அங்கே 20 வருடத்துக்கு ஒரே ரூபாய்க் கணக்கு. இலங்கை ரூபாயை 20 வருடம் நம்புவது என்பது பனலை நம்புவதைவிடப் பெரிய துணிச்சல்.

சின்னக் கணக்கு ஒன்று. சித்தப்பாவின் 4 கிலோவோட் வருடம் 3,500 யூனிட் அளவில்தான் தருகிறது, அதிலும் டிசம்பரில் பனல் இருப்பதே தெரியாது. அதே பனல் திருகோணமலையில் 5,500ஐத் தாண்டும். வெயில் அங்கே, காசு இங்கே.

கிண்ணியா நானா | 5 ஒக்டோபர், காலை 6.20

சுபஹு தொழுதுவிட்டு வந்து வாசித்தேன். எல்லோரும் 37, 22, 41 பென்ஸ் என்று பேசுகிறீர்கள். அந்தக் காசு யாருடைய பையிலிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே.

எங்கள் வீடு மாதம் 55 யூனிட். தகரக் கூரை. எங்களுக்கு முதல் 30 யூனிட் 5 ரூபாய்க்கும் குறைவு, அடுத்த 30 பத்துக்கும் குறைவு. அந்த விலையில் மின்சாரம் உண்டாக்க முடியாது. அப்படியென்றால் நட்டத்தை யார் தாங்குகிறார்கள்? ரீச்சர் மாதிரி 180 யூனிட்டைத் தாண்டுகிறவர்கள். அவர்களுடைய கடைசி யூனிட்டுகள் 60 ரூபாய் அளவில் போகின்றன. இப்போது அந்தப் பெரிய பில் வீடுகள் ஒவ்வொன்றாகச் சோலர் போட்டுக்கொண்டு விலகுகின்றன. நல்லது, போடட்டும். ஆனால் அவர்கள் கட்டிவந்த காசு இல்லாமல் போகிறது, மேலதிகமாக அவர்களுக்கு மாதாமாதம் காசும் கொடுக்க வேண்டும். கம்பி, ட்ரான்ஸ்போமர், இரவு மின்சாரம் எல்லாம் அவர்களுக்கும் வேண்டும். கடைசியில் அந்தப் பாரம் யார் தலையில் இறங்கும்? தகரக் கூரை தலையில்தான்.

கூரை உள்ளவனுக்கு ஊக்குவிப்பு, கூரை இல்லாதவனுக்குக் கட்டண உயர்வு. வாடகை வீட்டில் இருப்பவன் பாவம், இரண்டுக்கும் நடுவில்.

ஹரோ தம்பி | 5 ஒக்டோபர், காலை 10.48

நானா, இதே சண்டை இங்கேயும் நடந்தது. அந்த 41 பென்ஸ் அரசாங்கக் கஜானாவிலிருந்து வரவில்லை, எல்லோருடைய மின் பில்லிலும் சேர்த்து அறவிட்டார்கள். கவுன்சில் பிளாற்றில், அதாவது உள்ளூராட்சி வாடகை வீட்டில் இருக்கிற கிழவியும் சித்தப்பாவுக்குக் கட்டுகிறாள். நான் முன்பு இதை யோசித்ததில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

சம்பூர் மண் | 5 ஒக்டோபர், மாலை 4.15

கிண்ணியா நானா சொன்னதோடு ஒரு சங்கதி சேர்க்கிறேன். எங்கள் ஊரில் நிலக்கரி மின் நிலையம் என்றார்கள். 2006இல் சனம் இடம்பெயர்ந்து, 2015க்குப் பிறகுதான் திரும்பி வந்தது. 2016இல் நிலக்கரியைக் கைவிட்டார்கள். இப்போது அதே இடத்தில் 120 மெகாவோட் சூரிய மின் நிலையம், இந்தியாவோடு கூட்டு. இந்த ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொழும்பில் இருந்தபடியே ஆரம்பித்து வைத்தார். முதல் 50 மெகாவோட்டுக்குப் பேசிய விலை யூனிட்டுக்கு 5.97 அமெரிக்க சதம். டொலர் 300 என்றால் 18 ரூபாய்க்குள் அடங்கும்.

அப்போது அரசாங்கம் என்ன நினைக்கும்? வயலில் பெரிய அளவில் 18 ரூபாய்க்கு வாங்கலாம் என்றால் ரீச்சரின் கூரைக்கு ஏன் 37 கொடுக்க வேண்டும்? 20.90 என்பது அந்தக் கணக்கிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. வியாபாரமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் கூரை என்பது யாருடைய காணியையும் எடுப்பதில்லையே. அதற்கு ஒரு விலை இல்லையா? எங்களைக் கேட்டால் சொல்வோம்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. 5,000 வழிபாட்டுத் தலங்களுக்கு இந்திய நன்கொடையில் தலா 5 கிலோவோட், மொத்தம் 25 மெகாவோட். கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் எல்லாம். சாமிக்கு இலவசம், பூசாரிக்குக் கொட்டேசன்.

நிலாவெளி வெங்காயம் | 5 ஒக்டோபர், இரவு 7.30

சாமியை விடுங்கள், வெங்காயத்துக்கு வாருங்கள். சின்ன வெங்காயத்துக்கு நாள்தோறும் கிணற்றுத் தண்ணீர் இறைக்க வேண்டும். மண்ணெண்ணெய் இல்லாமல் 2022இல் ஒரு போகம் முழுதும் கருகியது. அப்புறம் ஒரு சின்ன சோலர் பம்ப் பூட்டினேன். லைனும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, 37ம் இல்லை 20ம் இல்லை. வெயில் எறித்தால் தண்ணீர் வரும். வெயில் இல்லையென்றால் மழை பெய்கிறது என்று அர்த்தம், தண்ணீர் தேவையில்லை. இதைவிட நல்ல பற்றரி உலகத்தில் இல்லை.

ஒன்று மட்டும். கடலிலிருந்து 400 மீற்றருக்குள் என் தோட்டம். முதல் பூட்டிய இரும்புச் சட்டம் இரண்டு வருடத்தில் துருப்பிடித்துப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ரீச்சர், மட்டிக்களியும் உப்புக் காற்றுத்தான். அலுமினியச் சட்டம், துருப்பிடிக்காத உருக்கு ஆணி என்று கொட்டேசனில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது கச்சான் காற்றோடு போய்விடும்.

கம்பிக்காரன் | 5 ஒக்டோபர், இரவு 9.15

நேற்று வேலைக் களைப்பில் பாதியில் விட்டேன். மிச்சக் கணக்கு இதோ.

ரீச்சர் எடுக்கும் 240 யூனிட்டும் ஒரே விலை இல்லை. கீழ்ப்படி யூனிட் மலிவு, 180க்கு மேல் உள்ள 60 யூனிட்தான் பில்லைத் தூக்குகிறது. பனல் முதலில் வெட்டுவது அந்த மேல்படியைத்தான். ஆக நீங்கள் உண்டாக்குகிற முதல் யூனிட்டுகளுக்கு 60 ரூபாய்ப் பெறுமதி. அப்புறம் 40, 20 என்று இறங்கி, சொந்தத் தேவை முடிந்த பிறகு விற்கிற ஒவ்வொன்றுக்கும் 20.90.

3 கிலோவோட் போட்டால் மாதம் 360. பில்லில் 8,000 அளவில் மிச்சம், 120 யூனிட் விற்று 2,508. ஆக 10,500. போட்ட 6 இலட்சம் ஐந்து வருடத்துக்குள் வந்துவிடும்.

5 கிலோவோட்டுக்குப் போனால் மேலதிகமாக 3 இலட்சத்து 25 ஆயிரம் கொடுத்து, மேலதிகமாக 240 யூனிட் விற்கிறீர்கள். மாதம் 5,016, வருடம் 60,000. சொந்தக் காசு என்றால் அதுவும் மோசமில்லை, ஐந்தரை வருடம். ஆனால் 13 வீதக் கடன் என்றால் முதல் வருட வட்டியே 42,000ஐத் தாண்டும். அந்த 2 கிலோவோட் உழைப்பது உங்களுக்கு இல்லை, வங்கிக்கு.

அதனால்தான் கம்பனிக்காரர்கள் 5ஐத் தள்ளுகிறார்கள். பெரிதாகப் போட்டால் அவர்களுக்கு இலாபம், சின்னதாகப் போட ஏணி தூக்கவே அலுப்பு. நானும் அந்தத் தொழிலில் இருப்பவன், ஒளிக்க என்ன இருக்கிறது.

பழைய ஒப்பந்தம் | 5 ஒக்டோபர், இரவு 9.50

தம்பி, ஒரு திருத்தம். 5 கிலோவோட் 600 யூனிட் என்பது சராசரி. கார்த்திகை, மார்கழி மாரிக்கு என் மீற்றர் மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கிவிடும். அதைச் சேர்த்துத்தான் சராசரி என்பது சரி, ஆனால் முதல் மாரியில் பார்த்துவிட்டு ரீச்சர் உங்களைத் திட்டக் கூடாது.

சும்மா வாசிப்பவள் | 6 ஒக்டோபர், காலை 8.05

இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போவேன், இன்று கேட்கிறேன். சோலர் போட்டால் கரண்ட் போகும்போது எங்கள் வீட்டில் லைட் எரியும்தானே? அப்பா அதற்காகத்தான் போட வேண்டும் என்கிறார்.

கம்பிக்காரன் | 6 ஒக்டோபர், காலை 8.31

எரியாது தங்கச்சி. எல்லோரும் ஏமாறுகிற இடம் இது.

லைனில் கரண்ட் இல்லையென்றால், பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வேர்ட்டரும் தானாக நின்றுவிடும். நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவனை உங்கள் கூரைக் கரண்ட் அடித்துக் கொன்றுவிடும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது கொளுத்துகிற வெயிலில் பனலை வைத்துக்கொண்டு விசிறி மட்டையோடு இருந்த வீடுகள் எத்தனை. லைட் எரிய வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பற்றரியும் வேண்டும், அது வேறு விலை.

சம்பூர் மண் | 6 ஒக்டோபர், மதியம் 1.20

பற்றரி என்றதும் ஞாபகம். வெருகல் பக்கம் லைன் வராத காலத்தில் சில வீடுகளில் கதவளவு கூட இல்லாத ஒரு பனல், கார் பற்றரி மாதிரி ஒன்று, இரண்டு லைட், ஒரு ரேடியோ. உலக வங்கித் திட்டம் ஒன்றில் நாடு முழுக்க ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அப்படிக் கடனில் போனது. பிறகு லைன் வந்தது, பனல் கோழிக் கூட்டுக்குக் கூரையானது. இப்போது திரும்பவும் பனலும் பற்றரியுமாக வந்து நிற்கிறோம்.

மட்டிக்களி ரீச்சர் | 6 ஒக்டோபர், இரவு 8.40

பிள்ளைகளே, நன்றி. கம்பிக்காரத் தம்பியின் கணக்கை இவருக்கு வாசித்துக் காட்டினேன். மடித்த பேப்பரை விரித்துவிட்டார், அதுவே பெரிய விஷயம்.

இன்னொரு கேள்வி. இரவில் பற்றரியிலிருந்து கொடுத்தால் யூனிட்டுக்கு 45 ரூபாய் 80 சதம் தருவார்களாமே? அந்தக் கம்பனிப் பிள்ளை திரும்ப வந்து அதையும் சொல்கிறான். இது 37ஐ விடப் பெரிதல்லவா?

கம்பிக்காரன் | 6 ஒக்டோபர், இரவு 9.30

அறிவித்திருக்கிறார்கள், உண்மை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, எல்லோரும் சமைத்து, டிவி போட்டு, ஏசி போடுகிற நேரம். அப்போது வெயில் இல்லை, டீசலும் எரித்துத்தான் சமாளிக்கிறார்கள். அதனால் அந்த யூனிட்டுக்கு விலை.

ஏன் பகல் யூனிட் மலிந்தது என்பதற்கும் இதுதான் பதில். இந்த வருடம் பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கும். பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருட்டு. குரங்கை வைத்து எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்று ஞாயிறு, பகல், கந்தோரும் தொழிற்சாலையும் பூட்டு, கூரைகளிலிருந்து சோலர் கொட்டுகிறது. மின் நிலையங்களின் பெரிய சுழலிகள் குறைவாக ஓடுகிற நேரத்தில் ஒரு அடி விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. பிறகு ஏப்ரல் புத்தாண்டு லீவில், 13இலிருந்து 21 வரை பகல் 3 மணி வரை சோலரை நீங்களாகவே நிறுத்துங்கள் என்று மின்சார சபை கேட்டது. 2016இல் போடுங்கள் போடுங்கள் என்று சங்கிராமம் நடத்திய அதே நாடு.

இப்போது பற்றரிக் கணக்கு. 5 யூனிட் கொள்ளும் லிதியம் பற்றரிக்கு என் வாடிக்கையாளர் ஒருவருக்கு 4 இலட்சம் சொன்னார்கள். ஒரு இரவுக்கு நாலரை யூனிட் எடுக்கலாம், மாதம் 135. பெருக்கினால் 6,183 ரூபாய். கம்பனிக்காரன் இதோடு நிறுத்துவான். ஆனால் அந்த 135 யூனிட்டைப் பகலில் விற்றிருந்தாலும் 20.90 கிடைத்திருக்கும். ஆக பற்றரி உழைத்துத் தருவது வித்தியாசம் மட்டும், யூனிட்டுக்கு 24.90. மாதம் 3,360, வருடம் 40,000. 4 இலட்சம் திரும்பி வர 10 வருடம். பற்றரியின் ஆயுளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கரண்ட் போகும்போது லைட்டும் விசிறியும் வேண்டும், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால் போடுங்கள். 45.80க்காகப் போடாதீர்கள். பற்றரி விலை பாதியானால் திரும்பக் கேளுங்கள்.

கிண்ணியா நானா | 7 ஒக்டோபர், காலை 6.45

இந்த 45.80 எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்று சொல்கிறேன். 37 கொடுத்தபோது அவர்கள் வாங்கியது யாருக்கும் வேண்டாத மத்தியான யூனிட்டை. 45.80க்கு வாங்குவது டீசலுக்குப் பதிலான யூனிட்டை, அது கிடைத்தால் என் பில்லும் ஏறாது. காசு கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை, எந்த நேரத்து யூனிட்டுக்கு என்பதில்தான்.

ஆனால் 4 இலட்சத்துக்குப் பற்றரி போடக்கூடியவர் யார்? திரும்பவும் அதே கூரைகள். எங்கள் மீனவர் சங்கத்து ஐஸ் அறைக்கு ஒரு கூட்டுப் பற்றரி, அதற்கு வட்டியில்லாக் கடன் என்றால் பேசலாம். இந்தியாவில் பாருங்கள், 2024 பெப்ரவரியில் தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவோட் போடுகிற வீட்டுக்கு 78,000 இந்திய ரூபாய் மானியமாகவே கொடுக்கிறார்கள். கையில் காசில்லாதவனுக்கு 20 வருடத்துக்கு மாதம் மாதம் வரும் 20.90 உதவாது, முதல் நாள் ஏணி வைக்கத்தான் காசு வேண்டும்.

ஹரோ தம்பி | 7 ஒக்டோபர், மதியம் 2.05

நானா சொன்ன அந்த முதல் நாள் காசை இங்கே கம்பனிகள் கண்டுபிடித்தன. கூரையை எங்களுக்குத் தா, பனலை இலவசமாகப் போடுகிறோம், பகல் கரண்ட் உனக்கு, 25 வருட டாரிஃப் காசு எங்களுக்கு என்று. ஏழை வீட்டுக்குப் பனல் வந்தது, ஊக்குவிப்புக் காசு கம்பனிக்குப் போனது. இப்போது அந்த வீடுகளை விற்கப் போனால் சட்டத்தரணிக்கு வேலை. யாராவது அங்கே இப்படி வந்தால் கையெழுத்துக்கு முன் யோசியுங்கள்.

மட்டிக்களி ரீச்சர் | 19 ஒக்டோபர், மாலை 5.50

முடிவைச் சொல்ல வந்தேன். 3 கிலோவோட், கடன் இல்லை. என் சேமிப்பும், மகளின் சீட்டுக் காசும். மருமகனுக்கு 5 மேல் ஆசை இருந்தது, வட்டிக் கணக்கைக் காட்டியதும் பேசவில்லை.

ஆனால் உடனே போட முடியவில்லை. ஒரு கந்தோருக்குப் போனால், மின் கணக்கு இன்னும் என் அப்பாவின் பெயரில் இருக்கிறதாம். அப்பா காலமாகி 11 வருடம். பெயர் மாற்றாமல் ஒப்பந்தம் இல்லை. மரணச் சான்றிதழ், காணி உறுதி, கிராம சேவகரின் கடிதம் என்று ஒரு கோப்பு. அது முடிந்து போனால், எங்கள் ஒழுங்கை ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்வார்களாம். பக்கத்து வீட்டு 37காரர்கள் 10 கிலோவோட் போட்டிருக்கிறார்கள், இடம் அவர்களோடு முடிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பழைய ஒப்பந்தம் | 19 ஒக்டோபர், இரவு 7.15

பயம் வீண் இல்லை ரீச்சர். எங்கள் ஒழுங்கையில் மத்தியானம் 12 மணிக்கு 230 இருக்க வேண்டிய வோல்ற்றேஜ் 250ஐத் தாண்டி, இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கம்பியில் தள்ளுகிறோம். அதற்கு ஒரு சதமும் கிடைக்காது. 3 கிலோவோட் என்று எழுதிக் கொடுத்தது நல்லது, சின்னதற்கு அனுமதி கிடைப்பது கொஞ்சம் சுலபம்.

கம்பிக்காரன் | 19 ஒக்டோபர், இரவு 8.40

பெயர் மாற்றத்தை இப்போதே முடியுங்கள் ரீச்சர். ட்ரான்ஸ்போமர் பதில் எழுத்தில் வரும் வரை கம்பனிக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். எப்படியும் மாரி தொடங்கிவிட்டது, தை பிறந்த பிறகு போட்டால் ஒன்றும் குறையாது.

மட்டிக்களி ரீச்சர் | 19 ஒக்டோபர், இரவு 9.05

சரி தம்பி. கடைசியாக ஒன்று. எங்கள் பக்கத்துக் குரங்குகளை உங்களுக்குத் தெரியும். தண்ணீர்த் தாங்கி மூடியைத் திறந்து குளிக்கிற கூட்டம். பனலை என்ன செய்யும்?

கம்பிக்காரன் | 19 ஒக்டோபர், இரவு 9.12

பனல் மேல் இருந்து வெயில் காயும், அதனால் பெரிய கெடுதி இல்லை. வயரைத்தான் இழுக்கும். வயர் முழுதும் குழாய்க்குள் போக வேண்டும், பனலுக்குக் கீழே சுற்றிவரக் கம்பி வலை அடிக்க வேண்டும். வலைக்கு 15,000 கேட்பார்கள், கொட்டேசனிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மாமரக் கொப்பு கூரைக்கு மேல் வந்திருந்தால் அதையும் வெட்டுங்கள், நிழலும் போகும், குரங்குக்கு ஏணியும் போகும்.

மட்டிக்களி ரீச்சர் | 19 ஒக்டோபர், இரவு 9.20

மாமரம் இவர் நட்டது. அதற்கு நான் தனியாகப் பேச வேண்டும்.